வெள்ளி மலை – 4: மண்ணுக்குள் எழுந்த மரக் கட்டடம்

இதுவரை: 1859 ஜூன். அமெரிக்காவின் மேற்கே, அன்றைய யூட்டா பிரதேசத்தின் கோடியில் ஒரு வறண்ட மலைச்சரிவு. பீட்டர் ஓ'ரைலி, பேட்ரிக் மெக்லாஃப்லின் என்ற இரண்டு ஐரிஷ்காரர்கள், தங்கம் அரிக்கத் தண்ணீர் தேக்குவதற்காகக் குழி வெட்டுகிறார்கள். ஹென்றி காம்ஸ்டாக் என்ற வாய்ச்சவடால்காரர் வந்து, இடம் தன்னுடையது என்று சொல்லிப் பங்காளியாக ஒட்டிக்கொள்கிறார். தங்கத் தூளோடு கூடவே வந்து தொல்லை கொடுத்த கருநீல மண்ணை வாரி ஓரமாகக் கொட்டுகிறார்கள். அந்த மண்ணில் கொஞ்சம் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சோதனைக்கு உள்ளானபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு டன்னுக்கு 3,000 டாலர் மதிப்புள்ள வெள்ளி. அது போகத் தங்கமும்.

கண்டுபிடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பங்கை விற்றுவிட்டு நகர்ந்தார்கள். மெக்லாஃப்லினுக்குக் கிடைத்தது சில ஆயிரம் டாலர். அதை வாங்கிய ஜார்ஜ் ஹர்ஸ்ட் பெருஞ்செல்வரானார். காம்ஸ்டாக்கின் பெயர் மட்டும் மலையடியில் ஓடிய தாதுப் படிவத்துக்கு நிலைத்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே சுமார் 38 டன் தாது, கோவேறு கழுதைகளின் முதுகில் சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தது. மறு வசந்தத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூடாரங்களும் பலகைக் குடிசைகளுமாக வர்ஜீனியா சிட்டி முளைத்தது.

இனி, அந்த ஊருக்கு அடியில் நடந்ததைப் பார்ப்போம்.

அகலமே ஆபத்து

முதலில் பள்ளம் தோண்டிய இடத்தில் உருவானது ஓஃபிர் சுரங்கம். 1860இல் அது தாதைப் பின்தொடர்ந்து சரிவாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 50 அடியிலேயே நீர் சுரந்தது. நீரை இறைக்கவும் தாதை மேலே இழுக்கவும் 15 குதிரைத்திறன் கொண்ட ஒரு சிறிய நீராவி இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைய நடுத்தர விவசாயக் கிணற்று மோட்டாரின் சக்திதான் அது. ஆனால் அந்த மலையில் ஒலித்த முதல் இயந்திரச் சத்தங்களில் அதுவும் ஒன்று.

கீழே போகப் போகத் தாது அகன்றது. மேலே சில அடி அகலமே இருந்த படிவம், ஆழம் கூடக் கூடப் பருத்தது. 175 அடி ஆழத்தில் 65 அடி.

65 அடி அகலத்துக்கு வெள்ளி! எந்த முதலாளிக்கும் இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. சுரங்கத்துக்குள் நின்றவர்களுக்கோ அது மரண ஓலை.

காரணம் எளிது. உலகில் அதுவரை வெட்டப்பட்ட வெள்ளிச் சுரங்கங்களில் பெரும்பாலானவை குறுகிய படிவங்கள். இருபுறமும் உறுதியான பாறைச் சுவர். நடுவே ஓர் ஆள் புகும் அகலத்தில் தாது. தாதை வெட்டியதும், இரண்டு மரங்களை நட்டு, மேலே குறுக்காக ஒன்றை வைத்தால் கூரை நிற்கும். மெக்சிகோவிலும் ஜெர்மனியிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை இது.

ஓஃபிரில் இருந்ததோ பாறையே அல்ல என்று சொல்லிவிடலாம். தாது அவ்வளவு பொலபொலப்பு. வெடிமருந்து தேவைப்படாமல் பிக்காசால் கொத்தினாலே சரியும். சுற்றியிருந்த சுவரிலோ ஈரம் பட்டால் ஊதிப் பருக்கும் களிமண். வெட்ட எளிது, தாங்கிப் பிடிக்க வழியில்லை. 65 அடிக்குக் குறுக்கே போடத்தக்க ஒற்றை மரம் கிடையாது. கிடைத்தாலும் தன் எடையிலேயே நடுவில் தொய்யும். மரங்களை ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு நீளமாக்கிப் பார்த்தார்கள். மலை மெல்ல அழுத்தியது. ஒட்டுகள் பிரிந்தன. தூண்கள் வளைந்து முறிந்தன. தாதை எடுக்காமல் அங்கங்கே தூணாக விட்டுப் பார்த்தார்கள். பொலபொலத்த மண் தூணாக நிற்குமா என்ன?

கூரை உதிரத் தொடங்கியது. சரிவுகள் அடிக்கடி நடந்தன. அந்தக் காலத்தின் மிகப் பணக்காரச் சுரங்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளி கிடந்தும், அதை வெட்ட ஆள் அனுப்ப முடியவில்லை.

வரலாற்றில் காம்ஸ்டாக் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதிர்ஷ்டசாலிகளையும் சூதாடிகளையுமே எழுதியிருக்கிறார்கள். 1860ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் இந்தச் சுரங்கத்தின் தலையெழுத்து ஒரு தச்சு வேலைச் சிக்கலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது என் கணிப்பு. அது தீர்ந்திராவிட்டால், வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கியிருக்காது.

இருபத்தெட்டு வயது ஜெர்மானியர்

ஓஃபிர் நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தார்கள். சிக்கலை ஆராய ஆள் தேடியபோது அவர்கள் கண்ணில் பட்டவர் ஃபிலிப் டைடஸ்ஹைமர். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஊரில் பிறந்தவர். அன்று ஐரோப்பாவிலேயே பேர்பெற்றிருந்த ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் படித்தவர். கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுனில் தங்கச் சுரங்க வேலையில் இருந்தார். வயது 28.

1860 நவம்பரில் ஓஃபிருக்கு வந்து சேர்ந்தார். சில வாரங்களுக்குள் விடை கிடைத்துவிட்டது.

தேனடையைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேனடையின் அறைக்கு ஆறு பக்கம். டைடஸ்ஹைமரின் கட்டுமானமோ செவ்வகப் பெட்டி. கல்லூரிப் படிப்பும் பல வருட அனுபவமும் உள்ள ஒருவரின் மூளைக்குத் தேனீக்களைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியமில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் செய்தது இதுதான்.

நீண்ட மரத்தைத் தேடுவதை விட்டுவிட்டார். கனமான, குட்டையான மரங்களை எடுத்தார். ஆறேழு அடி உயரத்தில் நான்கு கால்கள். அவற்றின் தலைகளை இணைக்க நான்கைந்து அடி நீளத்தில் குறுக்குச் சட்டங்கள். ஒவ்வொரு மரத்தின் முனையையும் செதுக்கி, மற்ற மரங்களோடு ஆணியில்லாமல் பிணையும்படி வெட்டினார். இப்படி ஒரு பெட்டி எழுந்தது. ஓர் ஆள் உள்ளே நின்று வேலை செய்யத் தோதான பெட்டி.

அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டி. முதல் பெட்டியின் இரண்டு கால்களே இதற்கும் கால்கள். அதற்குப் பக்கத்தில் மூன்றாவது. பின்பு மேலே. பின்பு முன்னால். தாது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமெல்லாம் பெட்டிகள் தொடர்ந்தன. அகலம் 65 அடியானால் என்ன, 100 அடியானால் என்ன? எந்த மரமும் தன் நீளத்துக்கு மேல் சுமக்க வேண்டியதில்லை. மலையின் அழுத்தம் ஒரு தூணின் தலையில் இறங்காமல் நூறு மூட்டுகள் வழியாகப் பிரிந்து போனது.

இதன் அருமை அதன் வேலை முறையில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில், தலைக்கு மேல் மண் உதிரும் நேரத்தில், யாரும் அளந்து அறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாத் துண்டும் ஒரே அளவு. மேலே தச்சுப் பட்டறையில் பகல் வெளிச்சத்தில் நிதானமாக வெட்டி, கீழே இறக்கினால் போதும். சுரங்கத் தொழிலாளி ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் தாதை வெட்டுவார். உடனே மரம் கட்டுபவர் வந்து அந்த வெற்றிடத்தில் சட்டங்களை நிறுத்தி, பாறைக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்குவார். மேலே பலகை பரப்பினால் அடுத்த தளத்துக்கு அதுவே தரை. அதன்மேல் ஏறி நின்று மேலே வெட்டலாம். இப்படி அடியிலிருந்து உச்சி நோக்கி, மாடி மேல் மாடியாக ஏறுவார்கள். வேலை முடிந்த பெட்டிகளில் பயனற்ற கல்லையும் மண்ணையும் நிரப்பிவிட்டால் தாங்கும் சக்தி இன்னும் கூடும்.

ஓஃபிரின் கூரை நின்றது.

டைடஸ்ஹைமர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. சில மாதங்களில் பக்கத்துச் சுரங்கங்களெல்லாம் இதே முறைக்கு மாறின. பின்னாளில் மொன்டானாவின் பியூட் செம்புச் சுரங்கங்களுக்கும் இது போனது. காம்ஸ்டாக்கில் பழகிய வில்லியம் பேட்டன் என்பவர் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லுக்கு மேலாளராகப் போனபோது கூடவே எடுத்துப்போனார். கண்டம் விட்டுக் கண்டம் போன கண்டுபிடிப்பு; கண்டுபிடித்தவருக்கு அதிலிருந்து ஒரு டாலர் உரிமைத்தொகை கிடையாது.

அவருடைய பிற்கால வாழ்க்கை இன்னும் விசித்திரம். 1870களின் நடுவில், கான்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில் இருக்கும் தாதுக்கு அவர் போட்ட மதிப்பு 150 கோடி டாலர். உண்மையில் கிடைத்தது அதில் சிறு பங்கு. தன் கணிப்பைத் தானே நம்பிப் பங்குகளில் பணத்தைக் கொட்டி, திவாலானார். மலை எவ்வளவு அழுத்தும் என்று கணக்கிடத் தெரிந்தவருக்கு, மலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட முடியவில்லை. 1959இல் தொடங்கிய ‘பொனான்சா’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அவர் பெயரிலேயே ஒரு கதை வந்தது. செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்த மரியாதை அது.

மேலே எழுந்த கொட்டகைகள்

கூரை நின்றுவிட்டது என்றால் ஆழமாகப் போகலாம். ஆழமாகப் போக இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு வீடு வேண்டும்.

1860களில் வர்ஜீனியா சிட்டியிலும் பக்கத்து கோல்ட் ஹில்லிலும் எழுந்த பெரும் கட்டடங்கள் அந்த இயந்திர வீடுகள்தான். வெளியிலிருந்து பார்த்தால் உயரமான மரக் கொட்டகை, கூரையைத் துளைத்துக்கொண்டு வரிசையாகப் புகைபோக்கிகள், பக்கத்தில் மலைபோல் விறகு. உள்ளே போனால் நடுவில் செங்குத்தாக இறங்கும் குழி. ஷாஃப்ட் என்பார்கள். அதைப் பலகைச் சட்டங்களால் இரண்டு, மூன்று, நான்கு அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஒன்றில் தாது மேலே வரும், ஒன்றில் ஆட்கள் இறங்குவார்கள், ஒன்று முழுக்க நீரிறைக்கும் குழாய்க்கும் கம்பத்துக்கும்.

ஒரு மூலையில் கொதிகலன்கள். அதையடுத்து வடத்தைச் சுற்றும் பிரம்மாண்டமான சக்கரம். அதை ஓட்டும் இயந்திரக்காரருக்குக் கீழே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கீழிருந்து கயிறு இழுத்து அடிக்கும் மணியின் எண்ணிக்கையே அவருக்குக் கட்டளை. சக்கரம் சுற்றச் சுற்ற, கூண்டு இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஒரு முள் காட்டும். அவர் கை ஒரு கணம் தவறினால், ஆட்களோடு கூண்டு கொட்டகையின் உச்சியில் மோதும். அல்லது அடிக்குழியில் விழும். கொல்லர் பட்டறை, தச்சுப் பட்டறை, உடை மாற்றும் அறை எல்லாம் அதே கூரையின் கீழ்.

சாதாரண நார்க் கயிறு ஆழத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அங்கேதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் இரும்புக் கம்பிவடம் செய்துவந்த ஆண்ட்ரூ ஹாலிடி வருகிறார். கம்பிகளைப் பட்டையாகப் பின்னிய வடத்தை அவர் காம்ஸ்டாக் சுரங்கங்களுக்குத் தந்தார். நாடாபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருளும் என்பதால் சக்கரத்தில் சறுக்காமல், சிக்காமல் ஏறி இறங்கும். சான் ஃபிரான்சிஸ்கோ போனவர்கள் மேட்டுத் தெருக்களில் வடம் இழுக்கும் கேபிள் கார்களைப் பார்த்திருப்பார்கள். 1873இல் அதைத் தொடங்கியவரும் இதே ஹாலிடிதான். தரைக்கு அடியில் தாது இழுத்த வடமே தரைக்கு மேலே மனிதர்களை இழுக்க வந்தது.

இழுத்த தாதை என்ன செய்வது?

ஓஃபிர் நிறுவனம் வாஷோ பள்ளத்தாக்கில் பெருஞ்செலவில் ஓர் ஆலை கட்டி, ஃப்ரைபெர்க் முறையில் வெள்ளி பிரிக்க முயன்றது. தாதை வறுக்க வேண்டும், பீப்பாய்களில் சுழற்ற வேண்டும். வேலை நேர்த்தி, செலவு கொடுமை. மெக்சிகோவில் 1550களிலிருந்து இருந்த பழைய முறையும் உண்டு. தாதுக் கூழில் பாதரசமும் உப்பும் சேர்த்து, முற்றத்தில் பரப்பி, கோவேறு கழுதைகளை விட்டு மிதிக்க வைப்பது. அதற்கு வாரக்கணக்கில் வெயில் வேண்டும். இன்றைய நெவாடாவான அந்தப் பகுதியின் குளிர் அதற்கு ஒத்துவராது.

ஆல்மரின் பால் என்பவர் குறுக்கு வழி கண்டார். 1860 ஆகஸ்டில் அவருடைய ஆலை ஓடத் தொடங்கியது. முதலில் வரிசையாக இரும்பு உலக்கைகள். ஒவ்வொன்றும் 300 கிலோ அளவு. நீராவி விசையில் எழுந்து எழுந்து விழுந்து, தாதை நீரோடு சேர்த்து மாவாக்கும். அந்தக் கூழ் அகலமான இரும்புத் தொட்டிக்குப் போகும். தொட்டிக்குள் ஆட்டுக்கல்லைப் போல் ஓர் இரும்பு சுற்றி அரைக்கும். நீராவியால் தொட்டியைச் சூடேற்றி, உப்பும் மயில்துத்தமும் பாதரசமும் சேர்ப்பார்கள். வெள்ளி பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கித்தான் பையில் பிழிந்து, வாலையில் சூடாக்கினால், பாதரசம் ஆவியாகி விலகும். வெள்ளி மிஞ்சும். வாரக்கணக்கில் நடந்தது சில மணி நேரத்தில் முடிந்தது.

அந்தத் தொட்டிகளில் என்னென்ன கொட்டினார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். வேதியியல் தெரியாத ஆலைக்காரர்கள் ஆளாளுக்கு ரகசியக் கலவை வைத்திருந்தார்கள். புகையிலைச் சாறு ஊற்றியவர் உண்டு. அந்தப் பாலைவனத்தில் மண்டிக்கிடந்த சேஜ் செடியைக் கொதிக்க வைத்த கஷாயத்தை ஊற்றியவரும் உண்டு. அவ்வளவு வெள்ளி விளையும் நிலத்தின் செடிக்கும் வெள்ளியை ஈர்க்கும் குணம் இருக்கும் என்று நம்பினார்களாம்!

சிரிப்புக்கு இடமில்லாத பகுதி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பாதரசம் கழிவோடு ஓடையில் போனது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அப்படிப் போனது ஆயிரக்கணக்கான டன். 1990இல், அந்த ஓடை போய்ச் சேரும் கார்சன் ஆற்றுப் பகுதியை அமெரிக்க அரசு நாட்டின் மிக மோசமான நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வெள்ளி தீர்ந்து நூறாண்டு ஆன பின்பும் ஆற்று மீனைச் சாப்பிடாதே என்று எச்சரிக்கை தொடர்கிறது.

காடு கீழே இறங்கிய கதை

டைடஸ்ஹைமரின் பெட்டிகளுக்கு ஒரே ஒரு குறை. அவற்றின் மரப் பசிக்கு அளவில்லை.

சுரங்கத்தைச் சுற்றியிருந்த குன்றுகளில் இருந்தவை குட்டையான பைன் மரங்கள். விறகுக்கு ஆகும், தூணுக்கு ஆகாது. அதனால் கோடாரிகள் மேற்கே சியரா நெவாடாவுக்கு ஏறின. டாஹோ ஏரியைச் சுற்றியிருந்த ஓங்கிய பைன் காடுகள் சரிந்தன. ஜே. டபிள்யூ. ஹெய்ன்ஸ் என்பவர் இரண்டு பலகைகளைக் கோணத்தில் சேர்த்து, மலைச்சரிவில் நீர்க்கால் அமைத்தார். அதில் விட்ட மரம் எந்த வண்டியும் இல்லாமல் மைல்கணக்கில் வழுக்கிக்கொண்டு அடிவாரம் வந்தது. 1875இல் சுரங்க முதலாளிகள் ஜேம்ஸ் ஃபேரும் ஜேம்ஸ் ஃப்ளட்டும், ஒரு நியூயார்க் பத்திரிகையாளரோடு, 15 மைல் நீளமுள்ள அப்படியொரு நீர்க்காலில் பன்றித் தொட்டி மாதிரி படகில் ஏறிச் சறுக்கிவந்தார்கள். உயிரோடு இறங்கிய ஃப்ளட், இனி எவ்வளவு கொடுத்தாலும் மறுமுறை ஏறமாட்டேன் என்றாராம்.

1880 வாக்கில் சுரங்கங்களுக்குள் புதைந்த மரம் 60 கோடி போர்டு அடி (மரத்தை அளக்கும் அலகு) என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கொதிகலன்களில் எரிந்த விறகு தனி. வர்ஜீனியா சிட்டியின் தெருக்களில் தெரிந்த வீடுகளைவிட, அதன் அடியில் யார் கண்ணிலும் படாமல் நின்ற கட்டடத்துக்கே அதிக மரம் செலவானது.

அவ்வளவும் காய்ந்த பைன் மரம். இடுக்கெல்லாம் காற்றோட்டம். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி.

1869 ஏப்ரல் 7

கோல்ட் ஹில்லில் அடுத்தடுத்து மூன்று சுரங்கங்கள்: யெல்லோ ஜாக்கெட், கென்டக், கிரவுன் பாயின்ட். தனித்தனி நிறுவனங்கள். ஆனால் பூமிக்கடியில் ஒன்றுக்கொன்று வழி உண்டு.

அன்று காலை ஏழு மணி சுமாருக்குப் பகல் வேலைக்காரர்கள் இறங்கத் தொடங்கினார்கள். யெல்லோ ஜாக்கெட்டின் 800 அடி தளத்தில் அதற்கு முன்பே நெருப்புப் பிடித்திருந்தது. இரவு வேலைக்காரர் யாரோ விட்டுப்போன மெழுகுவத்தி என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். மரக் கட்டுமானம் எரிந்து பலமிழக்க, மேலேயிருந்த கல்லும் மண்ணும் சரிந்தன. சரிந்த வேகத்தில், அடைபட்டிருந்த புகையும் நச்சுக் காற்றும் பக்கத்துச் சுரங்கங்களுக்குள் பீறிட்டுப் பாய்ந்தன.

கிரவுன் பாயின்ட்டிலும் கென்டக்கிலும் இருந்தவர்களுக்கு எங்கோ தீ என்பதே தெரியாது. புகைதான் முதல் செய்தி.

கூண்டுகளுக்கு ஓடினார்கள். ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஏற முடியாமல் விளிம்பைப் பற்றிக்கொண்டவர்களில் சிலர் பாதி வழியில் மயங்கிக் கைநழுவினார்கள். மேலே ஷாஃப்ட் வாயைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. மனைவிகள், குழந்தைகள், பாதிரியார்கள். கீழேயிருந்து வந்தது புகை மட்டும். கிரவுன் பாயின்ட்டின் மேலாளர் ஜான் பி. ஜோன்ஸ், தானே உள்ளே இறங்கி மீட்க முயன்றவர்களில் ஒருவர். பின்னாளில் முப்பதாண்டு செனட்டராக இருந்தவர் இவர்.

ஒன்று செய்தார்கள். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் செய்தி எழுதினார்கள். தீ அடங்கிவருகிறது, இப்போது மேலே வர முயன்றால் சாவு, பொறுத்திருங்கள் என்பது அதன் சாரம். ஏற்றிவைத்த விளக்கோடு அந்த அட்டையைக் கிரவுன் பாயின்ட் கூண்டில் வைத்து 1,000 அடி தளத்துக்கு இறக்கினார்கள். காத்திருந்தார்கள். மணிக்கயிறு அசையவில்லை. கூண்டை மேலே இழுத்தபோது யார் கையும் அதில் பட்டிருக்கவில்லை.

நாட்கள் கழிந்தும் தீ அடங்கவில்லை. பெட்டி பெட்டியாக, மாடி மாடியாக, டைடஸ்ஹைமரின் முறையிலேயே அது பரவியது. தண்ணீரை ஊற்றிப் பயனில்லாமல், ஷாஃப்ட் வாய்களைப் பலகையும் ஈரக் கம்பளியும் மண்ணும் போட்டு மூடி, கொதிகலனின் நீராவியை உள்ளே செலுத்தினார்கள். அந்த வாய்களை மூடும்போது, உள்ளே இன்னும் எடுக்கப்படாத உடல்கள் இருந்தன. சில பகுதிகளில் மாதக்கணக்கில் சூடு தணியவில்லை. இறந்தவர்கள் குறைந்தது 35 பேர். நாளொன்றுக்கு 4 டாலர் கூலிக்கு இறங்கியவர்கள் அவர்கள்.

இந்தத் தீயைப் பங்குச் சந்தை ஆதாயத்துக்காக வேண்டுமென்றே வைத்தார்கள் என்ற வதந்தியும் அன்று உலவியது. அதற்கு யாரும் ஆதாரம் காட்டியதில்லை. எனக்கு வதந்தியைவிட உண்மையே பயங்கரமாகத் தெரிகிறது. மூன்று சுரங்கத்துக்கும் வெளியே வர வழி மேலே பார்த்த ஷாஃப்டுகள் மட்டும். நச்சுப் புகையும் போவது அதே வழியில். இதைத் தெரிந்தேதான் ஒன்பது ஆண்டுகளாக ஆள் இறக்கினார்கள்.

துண்டுப் பிரசுரத்தோடு வந்த மனிதர்

கோல்ட் ஹில்லின் துக்கம் ஆறுவதற்குள் ஒருவர் ஊருக்குள் வந்தார். பழைய ஆள்தான். பெயர் அடோல்ஃப் சுட்ரோ. பிரஷ்யாவின் ஆஹனில் பிறந்த யூதர், புகையிலை வியாபாரி, டேட்டனில் தாது ஆலை நடத்தியவர். இந்தச் சுரங்கங்களைக் குடைவது தலைகீழான வேலை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்.

அவர் யோசனை இது. மேலேயிருந்து குழி தோண்டி நீரையும் தாதையும் எதற்கு மேலே இழுக்கிறீர்கள்? கீழே கார்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்குள் பக்கவாட்டில் ஒரு சுரங்கப்பாதை குடையுங்கள். 1,600 அடிக்கு மேல் ஆழத்தில் அது தாதுப் படிவத்தைத் தொடும். நீர் தானாக வடியும். தாது தானாக இறங்கும். காற்று வரும். ஆட்கள் நடந்தே வெளியேறலாம்.

1866 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமே இதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது. சுரங்க நிறுவனங்கள் டன்னுக்கு 2 டாலர் தர ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டே பின்வாங்கின. காரணம் பேங்க் ஆஃப் கலிஃபோர்னியா. வர்ஜீனியா சிட்டியில் அதன் ஆள் வில்லியம் ஷாரன். ஆலைகள் ஷாரன் கூட்டத்தின் கையில். மலையிலிருந்து ஆலைகளுக்கு அவர்கள் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாது சுட்ரோவின் பாதை வழியே கீழே இறங்கினால், ஆலைக்கும் ரயிலுக்கும் என்ன வேலை?

முதலாளிகள் கதவைச் சாத்திய பிறகு, சுட்ரோ தொழிலாளிகளிடம் போனார். 1869 செப்டம்பரில் வர்ஜீனியா சிட்டியில் மேடையேறினார். கூடவே படம் போட்ட துண்டுப் பிரசுரம். ஒரு படத்தில் யெல்லோ ஜாக்கெட்டில் ஆட்கள் எரிந்து சாகிறார்கள். இன்னொன்றில் சுட்ரோவின் பாதை வழியே தப்பி வெளியேறுகிறார்கள். பிணங்களை வைத்து வியாபாரம் பேசினார் என்று அவரைத் திட்டலாம். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கம் 50,000 டாலர் தர முன்வந்தது.

1869 அக்டோபர் 19. கார்சன் பள்ளத்தாக்கின் ஓரத்தில் சுட்ரோ முதல் மண்ணை வெட்டினார்.

எதிரே கிட்டத்தட்ட நான்கு மைல் பாறை. அன்று கையால் துளைபோட்டு வெடிமருந்து வைக்கும் காலம். கையிலிருந்த பணம் சில மாதங்களுக்குத்தான் வரும். மலைக்கு மேலே ஷாஃப்டுகள் ஏற்கெனவே 1,000 அடியைத் தொட்டுவிட்டன. ஒவ்வொரு மாதமும் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. தொட வேண்டிய இலக்கு 1,600 அடிக்கு மேல் ஆழத்தில் இருந்தது.

பக்கவாட்டில் வரும் சுட்ரோவா, மேலிருந்து இறங்கும் ஷாஃப்டுகளா? அந்த ஆழத்தை முதலில் தொடப்போவது யார்? சுட்ரோ வந்து சேரும் நாளில், வெள்ளி அவருடைய பாதைக்கு மேலே இருக்குமா, கீழே போயிருக்குமா?

(அடுத்த வாரம்)